வீடு தேடி மாத்திரை வந்தும் பிரஷர் ஏன் இறங்கவில்லை?

மார்ச் 3

ஒரு வாசகர் கேட்டதை அப்படியே ஒட்டுகிறேன்:

"சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். இப்ப வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாங்க. அப்படியும் தெருவுக்கு ஒருத்தர் கை கால் விழுந்து படுத்திருக்கார். டயாலிசிஸ் வரிசை நீண்டுக்கிட்டே போகுது. ஜனங்களுக்கு அக்கறை இல்ல, அவ்வளவுதான். இந்தப் பணத்துல ஊருக்கு ஒரு ஜிம் கட்டியிருக்கலாம்."

ஜிம்மைப் பற்றி அப்புறம் பேசலாம். 'அக்கறை இல்ல' என்று எழுதியதற்காகத்தான் நான் உட்கார்ந்தேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். வெயிலில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதம் காணாமல் போய், வாய் கோணி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆட்கள். அக்கறை இல்லாதவர் கூலியை விட்டுவிட்டு முதல் நாளே வந்து வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

இப்போது எண்கள். 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தமிழ்நாட்டில் 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பு நடந்தது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு, 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான், கவுன்டர் கூட்டமே சொல்லும். தூக்கிவாரிப் போட்டது அடுத்த வரி. கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரையில் 10.8. மருந்துக் கொள்முதலுக்கென்றே 1994இல் தனிக் கழகம் தொடங்கி, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஊரில் இந்த நிலை.

மார்ச் 3, இரவு

அந்த 7.3ஐ வைத்து ஒருவர் "அப்ப 93 பேர் மாத்திரையைக் குப்பையில் போடுறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அந்த 93இல் பெரும்பாதிப் பேருக்குத் தனக்குக் கொதிப்பு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் கொஞ்சம் பேர் சிகிச்சையே தொடங்கவில்லை. தொடங்கியவர்களில் விட்டவர்கள் உண்டு. விடாமல் சாப்பிட்டும் இறங்காதவர்களும் உண்டு. படிக்குப் படி ஆட்கள் உதிர்ந்துகொண்டே வருகிறார்கள். நான் பேச வருவது கடைசி இரண்டு படிகளைப் பற்றி. முதல் படியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முகாம் போட்டால் பேனர் வைக்கலாம், படம் எடுக்கலாம், ஆயிரம் பேருக்குப் பார்த்தோம் என்று சொல்லலாம். ஏழாவது மாதம் வராத ஆளைத் தேடிப்போவதற்கு யார் பேனர் வைப்பார்கள்?

மார்ச் 5

ஏன் விடுகிறார்கள்? கவுன்டரில் கேட்டால் "மறந்துட்டேன் சார்" என்பார்கள். அது நமக்காகச் சொல்வது. டாக்டர் திட்டுவார் என்ற பயம். கூட்டம் கலைந்த பிறகு பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டால் வேறு காரணம் வரும்.

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கிவிடும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. வீங்கியதும் "கிட்னி போச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். மாத்திரை அன்றோடு நின்றுவிடும். இது கிட்னி வீக்கம் இல்லை, அந்த மருந்தின் குணம், அளவைக் குறைத்தாலோ வேறு மருந்துக்கு மாற்றினாலோ வடிந்துவிடும் என்று கொடுக்கும்போதே ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு நிமிஷம் எங்களிடம் இருந்ததில்லை. காலை ஓ.பி.யில் வரிசை கேட் வரைக்கும் நிற்கும்போது "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அடுத்து யாரு" என்பதுதான் ஆலோசனை.

எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை இன்னும் வேடிக்கை. சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாத்திரையால் இருமல் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு பெரியவர் இருமல் சிரப் குடித்தார், தனியாரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தார், சளிப் பரிசோதனையும் செய்துகொண்டார். டி.பி. இல்லை என்று சீட்டோடு வந்து சந்தோஷமாகக் காட்டினார். அப்போதும் இருமிக்கொண்டேதான் இருந்தார். மருந்தை மாற்றச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். இருமல் போனது. அதற்குள் அவர் செலவழித்த பணத்தில் இலவச மாத்திரையின் அர்த்தமே போய்விட்டது.

சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினால் வயிறு பொருமும், சிலருக்குப் பேதியாகும். சாப்பாட்டோடு சேர்த்துக் குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் பழகிவிடும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் பஸ் ஏறிய பெண்மணி மறுபடி அதைத் தொட மாட்டார். நானாக இருந்தாலும் தொட மாட்டேன்.

கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகள் வேறு ரகம். காலையில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ரேஷன் கடை வரிசையிலோ வேலைக்காட்டிலோ நின்றால், பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி விழுவார்கள். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, நோன்பு என்று பட்டினி நாட்கள் நம் ஊரில் குறைவா? ஒருமுறை அப்படி விழுந்தவருக்குச் சர்க்கரை நோயைவிட மாத்திரை மீதுதான் பயம் அதிகம். அந்தப் பயம் நியாயமானது.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

நோன்பு பற்றி ஒரு சகோதரர் கேட்டதால்: காலை மாத்திரையை நீங்களாகவே சஹருக்கோ இஃப்தாருக்கோ தள்ளிவிடாதீர்கள். எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது அது. சிலவற்றுக்கு அளவே குறைக்க வேண்டும், சிலர் நோன்பு வைக்கவே கூடாது. அடுத்த வருஷமாவது நோன்பு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

மார்ச் 6

"சுகர் மாத்திரை சாப்பிட்டுத்தான் எங்க மாமாவுக்குக் கிட்னி போச்சு." இந்த இழையில் இதை மட்டும் வெவ்வேறு ஆட்கள் எழுதிவிட்டார்கள். மாமாவுக்குப் பதில் பெரியப்பா, அத்தை.

சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தால் சிறுநீரகம் கெடும். கொதிப்பும் கூட இருந்தால் சீக்கிரம் கெடும். அந்த வருஷங்களில் அவர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அரைகுறையாக. கடைசியில் பழி மாத்திரை மேல் விழுகிறது. இந்த வதந்திக்கு வலு சேர்ப்பது இன்னொன்று: சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் கெட்டதும் டாக்டரே மெட்ஃபார்மினைக் குறைப்பார், பிறகு நிறுத்துவார். கெட்ட சிறுநீரகம் அந்த மருந்தை வெளியேற்றாது என்பதால். வீட்டில் பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? "கிட்னி போனதும் டாக்டரே அந்த மாத்திரையை நிறுத்திட்டார், அப்ப என்ன அர்த்தம்?" இதை வாதாடி ஜெயிக்க முடியாது. நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

சிறுநீரகத்தைக் கெடுப்பதில் ஒரு மாத்திரைக்கு நிஜமாகவே பங்கு உண்டு. முட்டி வலிக்கென்று பெட்டிக்கடையிலும் மருந்துக் கடையிலும் சீட்டில்லாமல் வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை பாருங்கள்.

மார்ச் 6

இது சிரிக்க. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் கஞ்சி குடித்துவிட்டு "இன்னிக்கு நார்மல்" என்று வரும் ஆட்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் வந்ததும் அவர்கள் குட்டு வெளிப்பட்டது. ஒரு அம்மா கேட்டார்: "அப்ப மூணு மாசமும் கஞ்சியா சார்?"

மார்ச் 9

ஒரு டாக்டர் தம்பி எழுதியிருக்கிறார், நான் நோயாளி பக்கமே பேசுவதாகவும் டாக்டர்கள் என்ன செய்ய முடியும் என்றும். சரி தம்பி, உங்கள் பக்கம் வருகிறேன்.

'சி.எஸ்.டி.' உங்களுக்கும் எனக்கும் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பு கொடுத்த அதே சிகிச்சையைத் தொடரவும் என்று டாக்டர்கள் சீட்டில் போடும் சுருக்கெழுத்து. பிரஷர் 160 இருக்கும், சி.எஸ்.டி. அடுத்த மாதம் 158, சி.எஸ்.டி. அதற்கடுத்த மாதம் 164, "உப்பைக் குறைங்க" என்று ஒரு வரி, கீழே சி.எஸ்.டி. ஒருவர் வருஷம் முழுக்க ஒரு மாதம் தவறாமல் வந்து, ஒரு மாத்திரை விடாமல் விழுங்கி, வருஷக் கடைசியிலும் 160இலேயே நின்ற சீட்டை நான் கையில் பிடித்திருக்கிறேன். இவருக்கு அக்கறை இல்லையா?

ஏன் இப்படி ஆகிறது என்பதும் தெரியும். ஒரு டாக்டருக்கு ஒரு காலையில் நூறு, நூற்றைம்பது பேர். இரண்டாவது மருந்து சேர்த்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற தயக்கம். "இன்னிக்கு நடந்து வந்ததால ஏறியிருக்கும்" என்ற சமாதானம். பிரஷரை அளப்பதும் அவசரம்தான்: நின்ற வாக்கில், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, மூச்சிரைக்க வந்தவருக்கு உடனே. அந்த எண்ணை டாக்டரே நம்புவதில்லை. நம்பாத எண்ணுக்கு மருந்தை எப்படி மாற்றுவார்?

இதற்கு ஒரு வழியை இந்தியாவிலேயே செய்து பார்த்தார்கள். 2017இல் பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், மகாராஷ்டிரம், தெலங்கானா என ஐந்து மாநிலங்களில் 25 மாவட்டங்களில் தொடங்கிய இந்திய ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம். புது மருந்தெல்லாம் இல்லை. இந்த அளவுக்கு மேல் இருந்தால் இந்த மாத்திரை, அடுத்த மாதமும் இறங்காவிட்டால் இதைச் சேர், அப்போதும் இல்லையென்றால் அளவைக் கூட்டு என்று ஒரே தாளில் படிப்படியாக அச்சடித்து மேஜையில் ஒட்டிவிட்டார்கள். மருந்து வகையையும் இரண்டு மூன்றாகக் குறைத்தார்கள், அதனால் இருப்பு தீராமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. வராதவர் பட்டியல் செவிலியரின் போனில் வரும், அவர் கூப்பிடுவார். 2022இல் இதற்கு ஐ.நா. விருது கிடைத்தது. விருதை விடுங்கள், சி.எஸ்.டி. எழுதும் கைக்கு அந்தத் தாள் ஒரு தைரியம் கொடுத்தது. எனக்கு முக்கியம் அதுதான்.

மார்ச் 11

மேலே 7.3 என்று எழுதியது 2020இன் கணக்கு. இரண்டாவது சுற்று ஸ்டெப்ஸில் கொதிப்புக் கட்டுப்பாடு சுமார் 17 சதவீதத்துக்கு வந்தது, சர்க்கரைக் கட்டுப்பாடும் 16ஐத் தாண்டியது. முதல் சுற்றை மட்டும் வைத்து "எல்லாம் வீண்" என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் கொரோனா வேறு வந்து போனது.

இடையில் வந்ததுதான் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். ஆனால் இது ஒரே நாளில் முளைத்தது இல்லை. 2007 வாக்கிலேயே உலக வங்கி உதவியோடு சிவகங்கையிலும் விருதுநகரிலும் கொதிப்புக்கும், தேனியிலும் தஞ்சாவூரிலும் கருப்பை வாய்ப் புற்றுக்கும் முன்னோட்டம் நடந்தது. ஆட்சி மாறியும் திட்டம் சாகாமல் வளர்ந்தது நம் ஊரில் அபூர்வம், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

திட்டத்தின் உண்மையான பலம் மாத்திரை டப்பாவில் இல்லை, அதைக் கொண்டுபோகும் பெண்ணிடம் இருக்கிறது. அதே ஊர், சுய உதவிக் குழுவில் பழகிய முகம். "என்ன அத்தை, போன மாச அட்டையே பாதி மிச்சம் இருக்கு?" என்று அவர் கேட்டுவிட முடியும். நான் கேட்க முடியாது. அத்தையும் அவரிடம்தான் கால் வீக்கத்தைக் காட்டுவார். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் ஓட்டை. கால் வீக்கத்தைப் பார்த்த அந்தப் பெண்ணால் மருந்தை மாற்ற முடியாது, சரிதான், மாற்றவும் கூடாது. அவர் சொல்லும் தகவல் டாக்டர் மேஜைக்குப் போய் அன்றே பதில் வருகிறதா? நான் வேலை பார்த்தவரை அது அவரவர் கெட்டிக்காரத்தனத்தைப் பொறுத்தே இருந்தது. ஆக, வீட்டுக்கே போய்ச் சேர்வதும் சி.எஸ்.டி.யாக இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு ஓட்டை ஆண்கள். பகல் பதினோரு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினால் நாற்பது வயது ஆம்பளை எங்கே இருப்பார்? 2024இல் தொழிற்சாலைகளுக்கே போய்ப் பார்க்கும் திட்டம் வந்தது இதனால்தான். அதிலும் கொத்தனார், லாரி டிரைவர், தறி ஓட்டுகிறவர் எல்லாம் விட்டுப்போவார்கள். இலங்கையிலும் 2011 முதல் சுகாதார வாழ்க்கை முறை நிலையங்கள் என்று ஊர் ஊராகத் திறந்தார்கள். நல்ல ஏற்பாடு. வந்து உட்கார்ந்தது பெரும்பாலும் பெண்கள். ஆம்பளைகள் அங்கேயும் இதே கதைதான்.

மார்ச் 12

"சாயங்காலம் எல்லா ஆம்பளையும் ஒரே இடத்துல கிடைப்பாங்க சார், டாஸ்மாக் வாசல்ல மெஷினோட உட்காருங்க" என்று ஒருவர். சிரிப்புக்குத்தான் எழுதியிருக்கிறார். நான் சிரித்துவிட்டு யோசித்தேன். குடித்தவுடன் அளக்கும் எண் நம்பத் தக்கதில்லை. மற்றபடி இடத் தேர்வில் குறை சொல்ல முடியவில்லை. ஒரு கையால் குவாட்டரும் மறு கையால் மாத்திரையும் நீட்டும் அரசாங்கத்தைப் பற்றி நான் என்ன சொல்ல, பென்ஷன் வாங்குகிறவன்.

மார்ச் 15

உப்பு. இழை இந்தப் பக்கம் போகும் என்று தெரியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று பட்டியல் போட்டு ஆளாளுக்குச் சண்டை.

பணக்கார நாடுகளில் உப்பு பெரும்பாலும் பாக்கெட் சாப்பாட்டிலும் ரொட்டியிலும் இருந்து வருகிறது. கம்பெனிகளைக் கூப்பிட்டுக் குறைக்கச் சொன்னால் ஊருக்கே குறையும். நம் வீட்டில் உப்பு போடுவது அம்மா. குழம்பு, ரசம், மோர், பொரியல் ஒவ்வொன்றிலும். அம்மாவைக் கூப்பிட்டு எந்த அமைச்சர் கூட்டம் போடுவார்? ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன். நாம் அதைக் காலை டிபனிலும் மத்தியானச் சாப்பாட்டிலுமே முடித்துவிடுவோம்.

சீனாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். கிராமத்து மக்களிடம் குறையுங்கள் என்று சொல்வதற்குப் பதில் உப்பையே மாற்றினார்கள். கால் பங்கு சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. 600 கிராமங்கள், ஏறக்குறைய 21,000 பேர், எல்லோரும் முன்பே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது கொதிப்புள்ள முதியவர்கள். 2021இல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. சமையல் மாறவில்லை, கை மாறவில்லை, டப்பா மட்டும் மாறியது. ரேஷனில் அயோடின் உப்பு கொடுத்த மாநிலம் இதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு எச்சரிக்கை: சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து, சில பிரஷர் மாத்திரைகளோடும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் ஆன்லைனில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 16

இந்துப்பு நல்லதா என்று கேட்டவருக்கு: அதுவும் சோடியம்தான். நிறம் அழகு.

மார்ச் 20

இன்சுலின் பற்றித் தனியாக எழுதச் சொல்லி இரண்டு பேர். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்றாலும் அவசியம், சுருக்கமாக.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பயன்பாட்டில் உள்ள பாட்டிலை, தண்ணீர் படாத டப்பாவில் மூடி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். வெயில் காலத்தில் அறைச் சூட்டைவிட நன்றாகவே குளிர்ச்சியாக இருக்கும். ஃபிரீசரில் மட்டும் வைக்கவே கூடாது, உறைந்த இன்சுலின் வீண்.

அடுத்தது சிரிஞ்சு. அரசு ஆஸ்பத்திரி பாட்டில் பொதுவாக ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கானது. பாட்டிலை ஆஸ்பத்திரியில் வாங்கி, சிரிஞ்சு தீர்ந்ததும் கடையில் எதையோ வாங்கினால், அதே கோடு வரை ஏற்றியும் பாதிகூட உள்ளே போகாது. பாட்டில் 100 ஆக, சிரிஞ்சு 40 ஆக இருந்தால் இரண்டரை மடங்கு போகும், அது உயிருக்கே ஆபத்து. கடைக்காரர் கேட்க மாட்டார், நீங்கள் பாருங்கள்.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "எல்லாம் சரி, பணத்தை எதுல போடணும்னு சொல்லவே இல்லையே? ஜிம் பத்தியும் பேச்சைக் காணோம்."

ஜிம்மை முதலில் முடிக்கிறேன். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேலை செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து, டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்டது. சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் 39 சதவீதம். ஆனால் அவர்களுக்கு யாரும் ஜிம் கட்டிக் கொடுக்கவில்லை. விடாமல் கூப்பிட்டுப் பேசினார்கள், நேரில் வரவழைத்து ஞாபகப்படுத்தினார்கள். கட்டடம் கட்டினால் திறப்பு விழாவோடு பூட்டும் வரும், நம் ஊரில் பார்த்ததுதானே.

பணம் என் கையில் இருந்தால் இன்னும் ஒரு பரிசோதனை முகாம் போட மாட்டேன். கண்டுபிடித்தவர்களையே நம்மால் பிடித்து வைக்க முடியவில்லை. ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால ஓ.பி. வைப்பேன், கூலி போகாமல் வரட்டும். வராதவர் பட்டியலைக் கூப்பிட ஒருவருக்குத் தனிச் சம்பளம், அதுவும் நிரந்தரச் சம்பளம், ஊக்கத்தொகை இல்லை. பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் உட்கார நாற்காலிகள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், அந்த நாற்காலி இல்லாமல் எத்தனை எண்கள் பொய்யாகிப் போயின என்று எனக்குத் தெரியும். அப்புறம் கவுன்டரில் இன்னொரு மருந்தாளுநர், ஒருவர் எண்ணிக் கொடுக்க, ஒருவர் பேச.

டாக்டர் தம்பி இதற்கு "நிதித்துறை விடாது" என்று பதில் போடுவார். டயாலிசிஸ் மெஷினுக்கு விடுகிறார்களே தம்பி. ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வாழ்நாள் முழுக்க. அந்தக் கணக்கை யாராவது அவர்களிடம் எடுத்துப் போங்கள்.

மார்ச் 25

கேள்வி கேட்டவரே தனிச் செய்தியில், தன் அப்பாதான் மாத்திரையை நிறுத்திவிட்டார், அதனால்தான் கோபமாக எழுதினேன் என்கிறார். அவர் அனுமதியோடு இங்கே பதில்: திட்டாதீர்கள். அப்பாவின் மாத்திரை அட்டையில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். எப்போது நிறுத்தினார், அதற்கு முந்தின வாரம் உடம்பில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பெயர் அம்லோடிபின் என்றால் முதலில் கணுக்காலைப் பாருங்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நாளைக்கே அவரோடு ஓ.பி.க்குப் போங்கள். டாக்டர் சி.எஸ்.டி. போட்டால் எழுந்து வராதீர்கள்.